கிளிநொச்சி: எமது சனசமூக நிலையத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகசபைக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. சிரமதானமும் நடந்தது. வாசிகசாலைக் கூரையின் ஒழுக்கு இன்னும் அடைபடவில்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு எங்கள் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது ஊர் வரலாறு தொகுக்கும் வேலை. சென்ற பொதுக்கூட்டத்தில் ஓர் அங்கத்தவர் இன்னொருவரை ‘வந்தான் வரத்தான்’, அதாவது வெளியூரிலிருந்து வந்து ஒட்டியவர், என்று சொல்லப்போய் எழுந்த சச்சரவே அதற்குக் காரணம். அன்றைய கூட்டக் குறிப்பில் அதை நான் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். யார் முந்தி வந்தவர் என்று பார்த்துவிடுவதெனத் தீர்மானித்தோம்.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்க, அடுத்த ஆண்டே இங்கு குடியேற்றம் ஆரம்பமானது. அப்படிக் காணி பெற்றவர்களின் பிள்ளைகள் சொன்னவற்றைக் கைபேசியில் பதிந்திருக்கிறோம்: மலேரியா, யானை, வாய்க்கால் தண்ணீருக்கு நடந்த சண்டைகள். சண்டைகளை மட்டும் நேற்று நடந்ததைப் போலச் சொல்கிறார்கள். உருத்திரபுரத்தார் தங்கள் சிவன் கோயிலைக் காட்டி, அதற்கும் முன்பே இங்கு ஆட்கள் இருந்தார்கள் என்றனர். சரிதான். ஆனால் அந்த ஆட்களின் வழிவந்தவர் தாமே என்று எவரும் முன்வரவில்லை.

மலையகத்தவர்களின் பதிவுகளே கனமானவை. 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு வந்தவர்கள் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் காடு வெட்டிக் குடியேறினார்கள். முந்தி வந்தவர்களின் வயல்களில் கூலிக்கு நின்றவர்களும் அவர்களே. எந்த ஊர் என்று தன்னிடம் கேட்ட கேள்வியை இன்று தன் பேரப்பிள்ளைகளிடமும் கேட்கிறார்கள் என்று ஒரு அம்மா சொன்னார். அந்தப் பதிவைக் கேட்டபின் ‘வந்தான் வரத்தான்’ என்று சொன்ன அங்கத்தவர் தேநீர் குடிக்காமலே எழுந்து போனார். அவருடைய அப்பப்பா பொதியும் பெட்டியுமாகச் சாவகச்சேரியிலிருந்து வந்திறங்கியவர் என்பதையும் பதிந்திருக்கிறோம்.

1984இல் நாம் தனி மாவட்டமானோம். போருக்குத் தப்பி 1996இல் ஓடினோம், 2008, 2009இலும் ஓடினோம். திரும்பி வந்தபோது எல்லோருக்கும் தறப்பாள்தான் கூரை.

நிலையத்தின் பழைய கூட்டக் குறிப்புகள் இடப்பெயர்வில் அழிந்துவிட்டன. ஆரம்ப உறுப்பினர் யாரென்று மூன்று மூத்தவர்கள் மூன்று பட்டியல் தந்தார்கள்; முதல் தலைவர் மூன்றிலும் வேறு ஆள். மூன்றையும் கோப்பில் வைத்துள்ளேன்.

பதிவுகளை எழுத்தில் ஏற்றக் கையெழுத்துத் தெளிவான இளையவர்கள் இருவர் தேவை. தேநீர்ச் செலவு மிகுந்ததற்கு நானே பொறுப்பு.

செயலாளர்