டால்பின் மறுபடி ஓடுகிறது: கைகொடுத்த எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அப்பாவின் டால்பின் கார் கோபியிலிருந்து கொடிவேரி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. 26 வருடத்துக்குப் பிறகு அது தன் எஞ்சினிலேயே ரோட்டில் ஓடியது அன்றைக்குத்தான். அப்பா இடது சீட்டில் உட்கார்ந்து வந்தார். மூன்றரை வருடமாக இந்த வண்டியில் கை வைத்தவர்கள், பொருள் தேடிக் கொடுத்தவர்கள், ராத்திரியில் வந்து டார்ச் பிடித்தவர்கள் எல்லோருக்கும் வீடு தேடி வந்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். பாதிப் பேரிடம் சொல்லிவிட்டேன். மீதிப் பேரின் ஊர் தெரியும், வீடு தெரியாது. அதனால் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது உங்களைப் பற்றித்தான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிப்பானி டால்பின் 1982இல் பெங்களூரில் செய்யத் தொடங்கிய சின்னக் கார். இங்கிலாந்தின் ரிலையண்ட் கிட்டன் காரை அடிப்படையாக வைத்துச் செய்தது. இரும்புச் சட்டத்தின் மேல் முழுக்க ஃபைபர் பாடி, 848 சிசி அலுமினிய எஞ்சின், இரண்டே கதவு. 1983 டிசம்பரில் மாருதி 800 நான்கு கதவோடு வந்தது. குடும்பஸ்தர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அப்பா மட்டும் 1984இல் டால்பின்தான் வேண்டும் என்று வாங்கினார். "ஃபைபர் துருப்பிடிக்காது" என்பதுதான் அவர் சொன்ன காரணம். பெங்களூரில் எடுத்து, சாம்ராஜ்நகர் வழியாக வந்து, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவையும் தானே இறக்கி, பண்ணாரியில் நிறுத்திப் பூசை போட்டு வீட்டுக்கு ஓட்டிவந்த கதை எங்கள் குடும்பத்தில் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம்.

அப்பா சொன்னது சரிதான், பாடி துருப்பிடிக்கவில்லை. ஆனால் எஞ்சின் கொதித்து நின்றுபோன வண்டியைக் கட்டுத்தரையை ஒட்டிய சாளையில் தள்ளி நிறுத்தியதில், மாட்டு மூத்திர ஈரமும் மழைச் சாரலும் சேர்ந்து அடியிலிருந்த சட்டத்தைத் தின்றுவிட்டன. எலி வயரைத் தின்றது. தேங்காய் விழுந்து பானெட் இரண்டாகப் பிளந்தது. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டோடு இருந்தபோது, தினமும் சாயங்காலம் சாளை வாசலில் நாற்காலி போட்டு அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். அதைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள், மெக்கானிக் இல்லை. வீட்டுக்கு முன்னால் இருந்த வண்டி செட்டுதான் பட்டறை ஆனது.

முதல் நன்றி பாடியைத் தூக்கியவர்களுக்கு. சட்டத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றால் பாடியைத் தனியாகக் கழற்றித்தான் ஆக வேண்டும். போல்ட்டெல்லாம் இறுகிப்போயிருந்தது. ஒன்றொன்றாக வெட்டியெடுக்க இரண்டு வாரம் ஆனது. அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெருவில் சொன்னதும், பால் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், டியூஷனுக்கு வந்த பையன்களின் அப்பாக்கள், எதிர் வீட்டு மாப்பிள்ளை என்று ஒன்பது பேர் வந்துவிட்டீர்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சாமி சப்பரத்தைத் தூக்குவதுபோல் தூக்கி, செட்டை விட்டு வெளியே கொண்டுவந்து வாழைமட்டை மேல் வைத்தீர்கள். ஒரு கீறல் விழவில்லை. முழுக் காரின் பாடியையும் ஜேக்கி இல்லாமல் ஆட்களே தூக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சட்டத்தைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றித் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோனேன். போர்வெல் ரிக் வண்டி கட்டுகிற வெல்டர்கள், சத்தியமாகச் சொல்கிறேன், இந்தச் சின்ன வேலையைத் தொடக்கூட மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் மூன்று பேரும் சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்தே எந்த இடம் செத்துப்போயிருக்கிறது என்று சாக்பீஸில் வட்டம் போட்டீர்கள். துருப்பிடித்த இடத்தின் மேல் தகடு ஒட்டாமல், நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்தீர்கள். சட்டம் கோணிக்கொள்ளக் கூடாது என்று நாலு மூலையையும் கட்டி நிறுத்தி, இந்தப் பக்கம் ஒரு அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றிப் பற்ற வைத்தீர்கள். மூலைக்கு மூலை அளந்தபோது வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தது. கூலி கேட்டதற்கு ராடு காசு மட்டும் வாங்கினீர்கள்.

இனி ஃபைபர். இங்கேதான் நான் அழுதேன். முதலில் வண்டியைக் கொடுத்த ஒரு பட்டறையில் விரிசல் மேலெல்லாம் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மாதத்தில் அத்தனை விரிசலும் அதே இடத்தில் வந்துவிட்டது. ஃபைபர் பாடி லேசாக வளைந்து கொடுக்கும், பட்டி வளையாது, வெடிக்கும். இது அப்போது எனக்குத் தெரியாது. பிறகு நானே ரெசின் (ஃபைபர் நாரை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) வாங்கி, சித்திரை மாத மத்தியானத்தில் ஒரு வாளியில் கலந்தேன். ஐந்தே நிமிடத்தில் புகைந்து கல்லாகிப் போனது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணா, நீங்கள் வந்தீர்கள். கோவையில் கரிவர்தன் ரேஸ் கார் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஊர்ப் பட்டறை ஒன்றில் பதினைந்து வயதில் ஃபைபர் வேலை பழகியவர் நீங்கள். அவர் 1995இல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்ததையும், 2003இல் செட்டிப்பாளையத்தில் அவர் பெயரிலேயே ரேஸ் டிராக் வந்ததையும் சொல்லும்போது உங்கள் குரல் மாறிப்போனது. இப்போது தண்ணீர்த் தொட்டியும் கதவும் செய்கிறீர்கள். என்னுடைய கல்லான வாளியைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: "அம்முணி, வெயில்ல ரெசின் நமக்காகக் காத்திருக்காதுங்க. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வாரனுங்க."

பதினொரு ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். முதல் நாள் வேலையே தொடங்கவில்லை, பாடம்தான். ரெசின் சீக்கிரம் இறுக உதவும் கோபால்ட்டை முதலில் அதில் போட்டு நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனரை ஊற்ற வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேராக ஒன்றோடொன்று சேரவே கூடாது, சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும் என்று இரண்டு பாட்டிலையும் செட்டின் இரண்டு மூலையில் வைக்கச் சொன்னீர்கள். வெயில் காலத்தில் ஹார்டனர் கிலோவுக்கு 10 மில்லி போதும், ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதே என்றீர்கள். விரிசலைக் கிரைண்டரால் வாய்க்கால்போல் திறந்து, உள்பக்கம் சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோன் போட்டுத் துடைத்து, 300 கிராம் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) இரண்டு அடுக்கும் 450 கிராம் மேட் ஒன்றும் வைத்து, வெள்ளை நார் கண்ணாடியாகத் தெரியும் வரை ரோலரால் காற்றை வெளியேற்றினோம். முகமூடி இல்லாமல் ஒரு நாளும் என்னைக் கிரைண்டர் தொட விடவில்லை. வேலை முடிந்ததும் சுடுதண்ணீர் கூடாது, பச்சைத் தண்ணீரில் குளி, அப்போதுதான் நார் தோலில் ஏறாது என்று என் அம்மாவிடமும் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த விரிசல்கள் இன்றுவரை திரும்பவில்லை அண்ணா.

பிளந்த பானெட்டுக்கு மட்டும் வழி தெரியாமல் இருந்தது. ஈரோட்டில் இன்னொரு டால்பின் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னதும் ஐயா, நீங்கள் உள்ளே போய் ஸ்பானர் எடுத்து வந்து, உங்கள் பானெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டீர்கள். அன்றைக்குத்தான் என்னை முதன்முதலில் பார்க்கிறீர்கள். அதன் மேல் ஆறு தடவை மெழுகு போட்டுத் தேய்த்து, மோல்டு (அச்சு) எடுத்து, அந்த மோல்டிலிருந்து எங்கள் பானெட்டை வார்த்தோம். இரும்புக் கார் என்றால் பெரிய பிரஸ் இல்லாமல் அப்படி ஒரு பாகத்தைச் செய்யவே முடியாது. ஃபைபர் காருக்கு எங்கேயாவது ஒரு நல்ல பாகம் இருந்தால் போதும், இன்னொன்று பிறந்துவிடும். ஐந்து நாள் உங்கள் கார் பானெட் இல்லாமல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. அந்த மோல்டு இப்போது எங்கள் செட்டில் பத்திரமாக இருக்கிறது. டால்பின் வைத்திருக்கிற யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன், காசு வேண்டாம். ஐயா என்னிடம் கேட்டுக்கொண்டதும் அது ஒன்றுதான்.

எஞ்சினைக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பம்பு உதிரி செய்கிற பட்டறை. அலுமினிய பிளாக்குக்குள் தண்ணீர் நேராகத் தொடும்படி நான்கு இரும்பு லைனர் (பிஸ்டன் ஓடுகிற உருளை), உள்விட்டம் 62.5 மில்லிமீட்டர். வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டியதில் உப்பு கட்டி, லைனர் உட்காரும் இடம் அரித்துப்போயிருந்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கக் கூடாது, லைனர் மேலே கிளம்பிவிடும் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உட்காரும் இடத்தைச் சீவி, அடி கேஸ்கட் மாற்றி, நான்கு லைனரும் பிளாக்கை விட ஒரே உயரத்தில் ஒன்றிரண்டு தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மட்டும் தூக்கி நிற்கும் வரை நீங்கள் விடவில்லை. டயல் வைத்துப் பார்ப்பீர்கள், தலையை ஆட்டுவீர்கள், மறுபடி கழற்றுவீர்கள். அதிகம் பேசவே மாட்டீர்கள். கடைசி நாளில் மட்டும், "கூலண்ட்டு ஊத்துங்க, கெணத்துத் தண்ணி வேண்டாமுங்க" என்றீர்கள். கூலண்ட்தான் ஊற்றியிருக்கிறேன்.

வயரிங் தம்பிக்கு நானும் கடன்பட்டிருக்கிறேன், என் மாணவிகளும் கடன்பட்டிருக்கிறார்கள். புது வயர் எல்லாம் இழுத்து முடித்தும் ஒரு விளக்கும் எரியவில்லை. சாதாரணக் காரில் இரும்பு பாடியே பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்துக்குத் திரும்பும் பாதை. ஃபைபரோ மின்சாரத்தைக் கடத்தாது! ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனியாக எர்த் வயர் சட்டம் வரை போக வேண்டும். தம்பி அதைக் கண்டுபிடித்த அடுத்த வாரம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து மல்டிமீட்டரோடு காட்டினேன். நீ கொஞ்சமும் கூச்சப்படாமல் அவர்களுக்கு விளக்கியது, நான் நடத்தியதைவிட நன்றாக இருந்தது.

கண்ணாடிக்கு ரப்பர் பீடிங் கிடைக்கவே இல்லை. கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்தில் மிச்சமிருந்த சுருளைக் கொடுத்த கடைக்காரருக்கு நன்றி, அச்சாகப் பொருந்தியது. சீட்டுக்கு ரெக்சின் வேண்டாம் என்று பவானி ஜமுக்காளம் போட்டுத் தைத்துக் கொடுத்த டெய்லர் அக்காவுக்கு நன்றி. கோடு கோடாகச் சிவப்பும் பச்சையுமாக, அந்த வண்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பழைய ஆர்.சி. புத்தகத்தில் ஈரோடு மாவட்டத்தின் பழைய பெயரான பெரியார் மாவட்டம் என்று இருந்ததால் அலைந்த அலைச்சல் தனிக் கதை. வெளியே மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தரும் பெரியவர் எந்தப் படிவம், எந்த வரிசை என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்காவிட்டால் நான் பாதியில் விட்டிருப்பேன்.

அம்மா மூன்றரை வருடம் வாசலில் கோலம் போட இடமில்லாமல் பாதிக் கோலம் போட்டார். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றையே மறந்துவிட்டார். உங்கள் இருவருக்கும் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா கொடிவேரி போய் வரும் வரை ஒன்றும் பேசவில்லை. அணைக்கட்டுப் பக்கம் நிறுத்தியதும் இறங்கி, பானெட்டின் மேல் கையை வைத்து, சூடு பார்த்தார். திரும்பும்போது, "சத்தி ரோட்டுப் பக்கம் ஒரு நாளைக்குப் போலாங்கண்ணு" என்றார்.

இன்னும் ஒன்று பாக்கி. பாடியைத் தூக்கிய அன்றைக்கு யாரோ எங்களுக்கு ஒரு தூக்குப்போசியில் மோர் கொண்டுவந்தீர்கள். அந்தப் போசி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. மூடியில் "செ.ப." என்று எழுத்து வெட்டியிருக்கிறது. தெரு முழுக்கக் கேட்டுவிட்டேன், யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. உங்களுடையது என்றால் தகவல் சொல்லுங்கள். வெறும் போசியாகத் தரக் கூடாது என்று அம்மா கச்சாயத்துக்கு அரிசி ஊறப்போடத் தயாராக இருக்கிறார். வண்டியிலேயே கொண்டுவந்து கொடுக்கிறோம்.