சீமைச் சைக்கிள்கள்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழு முதல் இன்றுவரை, பழைய சீமைச் சைக்கிள்களை மீட்கும் நம் சங்கப் பட்டறையில் நடந்த வேலைகளையும், அவற்றை ஒட்டிச் செயற்குழு எடுத்த முடிவுகளையும் இவ்வறிக்கையில் தருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவ்வாண்டு துருவால் கெட்ட வண்டிகளைவிடச் சுத்தியலால் கெட்ட வண்டிகளே பட்டறைக்கு அதிகம் வந்தன. செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் இரண்டாம் கட்டிலும் பல்லாண்டு சாத்திக் கிடந்த ராலே, பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் வண்டிகளில் துரு பெரும்பாலும் மேல்தோலோடு நிற்கிறது. வளவில் சாரல் படும் இடத்திலும் புறா எச்சம் விழும் இடத்திலும் நின்றவை மட்டும் ஆழமாக அரிபட்டிருக்கின்றன. ஆனால் அவசரமாக "ஓவராயில்" செய்யப்பட்ட வண்டியில் மரை போயிருக்கும், அச்சு வளைந்திருக்கும், பொன்கோடுகள் தின்னரில் கரைந்திருக்கும். துருவை எடுத்துவிடலாம், இவற்றைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். அதனால்தான் இந்த அறிக்கையில் கழற்றும் வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வண்டியை அடையாளம் காண்பது

தலைமுத்திரை போயிருந்தாலும் பெரிய பல்சக்கரம் காட்டிக்கொடுத்துவிடும். நாரை உருவம் வெட்டியிருந்தால் ராலே. மூன்று துப்பாக்கிகள் என்றால் பி.எஸ்.ஏ.; கை என்றால் ரட்ஜ்; கைகோத்த ஐந்து மனிதர்கள் என்றால் ஹம்பர். இதை ரசனைக்காக மட்டும் பார்ப்பதில்லை. நாட்டிங்காமில் இருந்த ராலே 1932இல் ஹம்பர் சைக்கிளையும், 1943இல் ரட்ஜையும், 1957இல் பி.எஸ்.ஏ. சைக்கிளையும் வாங்கியது. அதன்பின் வந்த வண்டிகள் பலவற்றில் பெயர் பழையது, மரை ராலேயினுடையது. முத்திரையை மட்டும் பார்த்து உதிரிபாகம் வாங்கினால் ஏமாற்றம்தான்.

பின்சக்கரத்தின் நடுவில் மூன்று கியர் ஹப் (கியர்கள் உள்ளே அடங்கிய குடம்) இருந்தால் அதன் உடலில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் மாதமும் பொறித்திருக்கும். 54, 3 என்றிருந்தால் அந்த ஹப் மார்ச் 1954இல் செய்தது. சக்கரம் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், இதை மட்டும் வைத்து வண்டியின் வயதைப் பதிவேட்டில் எழுத வேண்டாம். பழைய நகராட்சி, பஞ்சாயத்து சைக்கிள் வில்லைகள் இருந்தால் தயவுசெய்து கழற்றாதீர்கள். வண்டி எந்த ஊரில் எந்த ஆண்டு ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

காட்டர் பின்

பட்டறையில் அதிக நேரம் எடுத்ததும் அதிகச் சேதத்துக்குக் காரணமானதும் இந்தச் சிறு ஆப்புதான். பெடலைத் தாங்கும் கையான கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் பல ஆண்டுகளில் துருவால் ஒட்டிப்போகிறது. நட்டைக் கழற்றிவிட்டு மரை முனையில் நேராக அடித்தால் முனை காளானாக விரிகிறது. அதன்பின் எவ்வளவு அடித்தாலும் பின் நகராது. அடி முழுவதும் அச்சு வழியாக உள்ளே இறங்கி, பால்ஸ் எனும் இரும்புக் குண்டுகள் உருளும் கோனிலும் கப்பிலும் அவற்றின் குழி பதிகிறது. இவ்வாண்டு மாற்றிய அச்சுகளில் பலவற்றின் கேடு இப்படி வந்ததே.

சங்கத்தில் இப்போது கடைப்பிடிக்கும் முறை இது. முதல் நாள் மாலையில் இரண்டு பக்கமும் ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். மறுநாள் நட்டை மரையின் முனைக்குச் சமமாக வரும்வரை தளர்த்தி அங்கேயே விட வேண்டும். அது முனையைக் காக்கும். பிறகு காட்டர் பிரஸ் கொண்டு அழுத்த வேண்டும். பிரஸ் இல்லாவிட்டால், பின்னின் தடித்த தலை உள்ளே போகும் அளவுள்ள இரும்புக் குழாயைக் கிராங்குக்கு அடியில் நிறுத்தி, குழாயின் மறுமுனை கருங்கல்லில் உட்கார்ந்திருக்கும்படி வைத்து, ஒரே உறுதியான அடி கொடுக்கலாம். பத்துச் சிறு அடிகளைவிட ஒரு நல்ல அடி மேல். அப்படியும் வராவிட்டால் கிராங்கைச் சூடாக்க வேண்டும், பின்னை அல்ல. அதுவும் பலிக்காவிட்டால் துளையிட்டு எடுப்பதுதான் வழி.

புதிய பின் வாங்கும்போது வெர்னியரால் அளக்க வேண்டும். ராலே வகைக்கு 9.5 மி.மீ.; வேறு வண்டிகளில் 9 மி.மீ. வருவதுண்டு. அரை மில்லிமீட்டர்தானே என்று சிறியதைப் போட்டால் நூறு கிலோமீட்டருக்குள் கிராங்க் ஆடத் தொடங்கும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும், இரண்டின் சரிவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. சரிவை அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். பின்னை அடித்தோ பிரஸ்ஸால் அழுத்தியோ உட்காரவைத்த பிறகே நட்டு. நட்டால் இழுத்து உட்காரவைத்தால் மரை அறுந்துவிடும். முதல் 50 கிலோமீட்டர் ஓட்டியபின் ஒருமுறை அழுத்தி, நட்டை மறுபடி இறுக்குவது கட்டாயம்.

மரையும் பால்ஸும்

பெரும்பாலான ஆங்கில வண்டிகளின் பெடல் அச்சுக் கப்பில் அங்குலத்துக்கு 24 மரை, ராலேயில் 26. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முதல் இரண்டு சுற்று கையாலேயே போய்விடும், மூன்றாவதில் இறுகும். அந்த இடத்தில் ஸ்பேனர் போட்டால் பிரேமின் மரை போயிற்று என்று பொருள். மரை அளவி இல்லாதவர்கள், தெரிந்த கப்பின் மரையைத் தெரியாத கப்பின் மரையோடு பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். இடையில் வெளிச்சம் கசிந்தால் பொருந்தாது. ஹேண்டில் தலைக்கும் இதே எச்சரிக்கை. பெடல் அச்சின் வலப்பக்கக் கப்பில் இடது மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

பால்ஸ் கணக்கு: பெடல் அச்சில் பக்கத்துக்கு 11, கால் அங்குலம். ராலே ஹேண்டில் தலையில் மேலும் கீழும் 25 வீதம், 5/32 அங்குலம். முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, 3/16 அங்குலம். பழைய பால்ஸோடு புதியதைக் கலக்கக் கூடாது. பெரியது சுமையைத் தாங்கி முதலில் நொறுங்கும், தூள் மற்றவற்றையும் அரிக்கும்.

மூன்று கியர் ஹப்

ஸ்டர்மி-ஆர்ச்சர் 1936இல் கொண்டுவந்த ஏ.டபிள்யூ. ஹப் போல நீண்ட ஆயுள் கொண்ட சைக்கிள் கருவியை நான் பார்த்ததில்லை. நடுவில் 20 பல் சூரியச் சக்கரம், அதைச் சுற்றி நான்கு சிறு சக்கரங்கள், வெளியே 60 பல் வளையம். இந்த 20, 60 என்ற கணக்கில்தான் மூன்றாம் கியர் நேர் ஓட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவும், முதல் கியர் கால் பங்கு குறைவாகவும் வருகிறது.

"கெட்டுப்போச்சு" என்று கொண்டுவரப்படும் ஹப்களில் பெரும்பாலானவை கெடவில்லை, எண்ணெய் பிசினாகிக் கிடக்கின்றன. தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் இதற்கு ஆகாது. நாளடைவில் இறுகி, பால் எனப்படும் சிறு கொக்கிகளை எழவிடாமல் ஒட்டவைக்கின்றன. எண்ணெய்த் துளை வழியாக மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றி, படுக்கவைத்து வடிக்க வேண்டும். வடிவது தெளியும்வரை இரண்டு மூன்று முறை. பிறகு இலகுவான எஞ்சின் ஆயில் ஒரு தேக்கரண்டி, அதன்பின் மாதம் சில துளிகள் போதும். உள்ளே கிரீஸ் அடைக்காதீர்கள், கொக்கிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

நோயைக் காதாலேயே அறியலாம். முதல் கியரில் மிதிக்கும்போது ஹப் அமைதியாக இருக்கும். 2, 3இல் மெல்லிய டிக் டிக் வரும். முதல் கியரில் மட்டும் மிதி வெறுமையாகப் போனால் இடப்பக்கக் கொக்கிகளைப் பாருங்கள். 2, 3 இரண்டிலும் வெறுமையாகப் போனால் வளையத்தின் கொக்கிகள்.

கியர் கம்பியின் அளவு சரியில்லாவிட்டால் 2க்கும் 3க்கும் இடையில் எந்தக் கியரும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. எழுந்து நின்று மிதிப்பவர் அங்கே மாட்டினால் முன்னால் விழுவார். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் சோதிக்க வேண்டியது இது: உள்ளே போகும் சங்கிலிக் கம்பியைக் கடைசிவரை திருகி, அரைச் சுற்றுக்கு மேல் போகாமல் பின்னுக்கு விட வேண்டும். லீவரை 2இல் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியே பார்த்தால் கம்பியின் தோள்பட்டை அச்சின் முனைக்குச் சமமாக இருக்க வேண்டும். சமமானபின் பூட்டு நட்டை இறுக்கலாம். அச்சைத் திரும்பவிடாமல் பிடிக்கும் நாக்கு வாஷர்கள் இரண்டும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அவை இல்லாவிட்டால் அச்சு சுழன்று, நீங்கள் வைத்த அளவு எல்லாம் கலைந்துவிடும்.

ஹப்பைத் திறப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பால்ஸ் உருளும் வலப்பக்க வளையத்துக்கு இரட்டைத் தொடக்க மரை, அதாவது இரண்டு இடங்களில் தொடங்கும் மரை. கழற்றுமுன் வளையத்திலும் உடலிலும் ஒரே நேரில் குறி போடுங்கள். குறி இல்லாமல் எடுத்து வேறு தொடக்கத்தில் பூட்டினால், கோட்டம் எடுத்து வைத்த சக்கரம் மறுபடி சற்று ஒதுங்கும்.

பிரேக்கும் சக்கரமும்

இவ்வண்டிகளின் இரும்புக் கம்பி (ராடு) பிரேக்கின் கட்டை ரிம்மின் உட்பக்கத்தைத் தொடுவது. எனவே பக்கவாட்டுக் கோட்டத்தைவிட மேடுபள்ளம் இங்கே முக்கியம். மேட்டில் கட்டை கவ்வும், பள்ளத்தில் விடும். முதலில் மேடுபள்ளத்தை எடுத்து, பிறகு பக்கக் கோட்டத்தை எடுக்க வேண்டும். கட்டைக்கும் ரிம்முக்கும் 3 மி.மீ. இடைவெளி போதும். கட்டையைப் பிடிக்கும் பெட்டியின் அடைத்த முனை சக்கரம் சுழலும் திசையில் இருக்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் அழுத்தும்போது கட்டை நழுவி வெளியே வந்துவிடும். மழையில் குரோம் ரிம்மில் பிரேக் பாதியும் பிடிக்காது. இதற்கு மருந்து இல்லை, மெதுவாக ஓட்டுவதுதான்.

நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 28 × 1½ டயர், அதற்கான ரிம், முன்னே 32 பின்னே 40 போக்ஸ் கம்பி என்ற பழைய ஆங்கில அளவு நம் நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இங்கிலாந்தில் இவ்வண்டிகளை மீட்பவர்களும் இந்தியாவில் செய்த டயரையும் ரிம்மையும் தேடி வாங்குகிறார்கள். பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பம் 1949இல் ஆங்கிலக் கூட்டோடு டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்ததை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். அம்பத்தூர் ஹெர்குலிசும் அசன்சோல் சென்-ராலேயும் சீமை வண்டிக்குச் சமமாகச் சங்கப் பதிவேட்டில் ஏற்கப்படும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. 26 × 1⅜ வண்டிக்காரர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: அதன் ரிம் 590 மி.மீ.; "26" என்று எழுதிய மலை சைக்கிள் டயர் 559 மி.மீ., அது ஏறவே ஏறாது.

துரு, முலாம், வண்ணம்

சிறு பாகங்களுக்கு ஆக்ஸாலிக் அமிலம், லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம், பிளாஸ்டிக் தொட்டியில் ஓர் இரவு. எடுத்தபின் சலவைச் சோடா நீரில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். இது விஷம், கையுறை வேண்டும், தொட்டிமேல் எழுதி ஒட்டவும் வேண்டும். துத்தநாகம் பூசிய போக்ஸ் கம்பியை இதில் போட்டால் பூச்சே கரைந்துவிடும்.

பெரிய பாகங்களுக்கு மின்சார முறை. மின்வேதியியல் காரைக்குடிக்குப் புதிதல்ல. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த ஆய்வகம் நம் ஊரில்தான் இருக்கிறது. நான்கு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் சார்ஜர். பாகத்துக்கு எதிர்முனை, பழைய இரும்புத் தகட்டுக்கு நேர்முனை. தகடாக எவர்சில்வரைப் போடக் கூடாது, நச்சுக் குரோமியம் நீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். சீட்டு ஸ்பிரிங்குகளை இதில் இடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளேறி உடையக்கூடும்.

புதுக் குரோம் முலாம் பூசுவதைச் செயற்குழு ஊக்குவிக்கவில்லை. முலாமுக்கு முன் பஃப் போடும்போது பொறித்த எழுத்துகள் மழுங்கி, ரிம்மும் மெலிகிறது. முழு வண்ணப்பூச்சும் அப்படியே. பொன்கோடும் ஒட்டுமுத்திரையும் போனால் போனதுதான். மண்ணெண்ணெய், தின்னர், ஸ்பிரிட் எதுவும் முத்திரைமேல் படக் கூடாது. மென்மையான சோப்பு நீரில் நனைத்த பஞ்சு, பிறகு மெழுகு. அதையும் வண்டியின் அடியில் கண்ணில் படாத இடத்தில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

புரூக்ஸ் தோல் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றுவது பரவலான பழக்கம். தோல் தொய்ந்து தொட்டிலாகிவிடுகிறது. தேன்மெழுகு கலந்த பூச்சு, அடிப்பக்கத்தில் கொஞ்சம் போதும். இழுவை போல்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகக் கூடாது. எலி வரும் இடத்தில் வண்டியை வைக்கவும் கூடாது.

ஓட்டங்கள்

குன்றக்குடி, பிள்ளையார்பட்டிப் பாதையும் கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பாதையும் இவ்வண்டிகளுக்கு ஏற்றவை. 48 பல்லும் 18 பல்லும் கொண்ட ஒற்றைக் கியர் 28 அங்குலச் சக்கரத்தில் ஏறத்தாழ 75 அங்குலக் கியர் தருகிறது (பல் விகிதத்தைச் சக்கர அளவால் பெருக்கிய கணக்கு; எண் கூடினால் மிதி கனக்கும்). ஆடிக் காற்றுக்கு எதிரே இது முழங்காலைத் தின்னும். பின்னே 22 பல் போட்டால் 61 ஆகும். செயினை ஓர் அங்குலம் நீட்ட வேண்டும். மூத்த உறுப்பினர்கள் அனைவரும் இதைச் செய்துகொள்ளலாம்.

காற்று 45 முதல் 50 பவுண்டு. நண்பகல் வெயிலில் நிறுத்துவதைத் தவிர்க்கவும். பங்சர்களுக்குப் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்ளே காரணம். ட்யூபை ஒட்டியதும் டயரின் உட்புறத்தைப் பஞ்சால் ஒரு சுற்றுத் தடவுங்கள்; நூல் மாட்டும் இடத்தில் முள் முனை இருக்கும். அதை எடுக்காமல் பூட்டினால் அடுத்த ஊருக்குள் மறுபடி இறங்க வேண்டிவரும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை மூன்று: இரண்டாவது காட்டர் பிரஸ் ஒன்று செய்வது, 24, 26 மரைக்கான அளவிகளை உறுப்பினர்களுக்கு இரவல் தருவது, வீடுகளில் கிடக்கும் வண்டிகளைக் கழற்றாமல் படம் எடுத்து, முத்திரை, பிரேம் எண், வில்லையோடு பதிவேட்டில் ஏற்றுவது. இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
காரைக்குடி