மஞ்சள் கிறிஸ்டல்

அன்புள்ள மாப்பிள்ளை,

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. இங்கே எல்லோரும் நலம். இரண்டு வருடமாக எழுதாதது என் தவறுதான். போன் வந்த பிறகு நலம் விசாரிப்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நேற்று முன்தினம் ஒல்லி பேசினான். நீ பொன்மலை வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு கோயம்புத்தூரில் இருக்கப் போகிறாயாம். பின்கட்டு அறையில் இருப்பதையெல்லாம் எடைக்குப் போடப் போகிறாயாம். கேட்டதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. தராசுக்காரன் வாசலுக்கு வருவதற்குள் அந்தத் தைல டப்பியைத் தேடி எடுத்துவிடு. மஞ்சள் பிளாஸ்டிக் மாட்டிய கிறிஸ்டல், நம் ரிமோட் பொம்மை வண்டியின் ரேடியோ அலைவரிசையை நிர்ணயிக்கும் அந்தச் சின்னத் துண்டு, அதற்குள்தான் இருக்க வேண்டும். 1988-ல் நான் மாற்றலாகிப் பெரம்பூருக்குப் புறப்பட்ட அன்று, "நான் இல்லாமல் நீ வண்டியை ஓட்டக் கூடாது" என்று சொல்லி ரிசீவரிலிருந்து அதைப் பிடுங்கி டப்பிக்குள் போட்டவன் நீ. மறந்திருந்தால் நினைவுபடுத்திக்கொள். இப்போது அது எனக்கு வேண்டும்.

ஏன் என்று கேட்பாய். ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரி செய்துகொண்டிருக்கிறேன்.

சித்திரையில் பரணைச் சுத்தம் செய்தபோது நம் டிரான்ஸ்மிட்டர் கிடைத்தது. பின்மூடியைத் திறந்தால் எட்டு பேட்டரிகளும் பொங்கி வழிந்து, ஸ்பிரிங்குகள் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தன. இனி இது தேறாது என்றுதான் முதலில் நினைத்தேன். எலுமிச்சம்பழச் சாற்றில் பழைய பல் துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்தேன். சாறு பட்ட இடமெல்லாம் சுர்ரென்று நுரைத்தது. பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து உப்புத்தாள் போட்டதும் அடியில் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. புதிய பேட்டரிகள் போட்டேன். மீட்டரின் முள் எழுந்து அசைந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு நான் போட்ட கூச்சலில் வீடே எழுந்துவிட்டது.

அதன் பிறகு கை சும்மா இருக்கவில்லை. காயலான் கடையில் செத்த சர்வோக்கள், அதாவது சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்ப் பெட்டிகள், இரண்டு கிடைத்தன. ஒன்றில் பற்சக்கரத்தின் பல் போயிருந்தது, இன்னொன்றில் மோட்டார் எரிந்திருந்தது. இரண்டையும் பிரித்து ஒன்றாக்கினேன். உள்ளே இருப்பது கட்டைவிரல் அளவு மோட்டார், நாலைந்து பற்சக்கரம், கை எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒரு வால்யூம் கண்ட்ரோல், அவ்வளவுதான். அன்று நாம் விஷயம் தெரியாமலே ஓட்டியிருக்கிறோம், மாப்பிள்ளை! நொடிக்கு ஐம்பது தடவை ஒரு துடிப்பு வருகிறது. அதன் நீளம் ஒன்றரை மில்லி செகண்ட் என்றால் சக்கரம் நேராக நிற்கும், ஒன்று என்றால் ஒரு பக்கம் திரும்பும், இரண்டு என்றால் மறுபக்கம். ஸ்டியரிங் என்று நாம் திருகியதெல்லாம் இந்த ஒரு மில்லி செகண்டைத்தான்.

சேசிஸ் அலுமினிய ஆங்கிள். மோட்டாரையும் கியரையும் உடைந்த கார்ட்லெஸ் ஸ்குரூடிரைவர் ஒன்றிலிருந்து எடுத்தேன். அது மெதுவாகச் சுற்றும், ஆனால் இழுவை அதிகம், லாரிக்கு அதுதானே வேண்டும். எண்ணெய் டின்னை வெட்டிப் பாடி கட்டினேன். முன்பக்கம் எலுமிச்சை, மிளகாய்கூடத் தொங்குகிறது. ஸ்டியரிங் பிராக்கெட்டை நானே அரம் போட்டு ராவினேன். நீ ராவியிருந்தால் இன்னும் சதுரமாக வந்திருக்கும். சால்டரிங்கை மட்டும் உன்னிடம் விடமாட்டேன். உன் சால்டரிங் காக்கை எச்சம் மாதிரி இருக்கும் என்று வாத்தியார் சொன்னது சொன்னதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று நம் வண்டி தறிகெட்டு ஓடிச் சாம்பார் வாளியில் போய் விழுந்ததற்கு முப்பது வருடமாக என்னைக் குற்றம் சொல்கிறாயே, காரணம் என் கை இல்லை. மோட்டாரின் பிரஷ்ஷில் பறக்கும் பொறிதான் ரிசீவரைக் குழப்பியிருக்கிறது. மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒன்று, ஒவ்வொரு முனைக்கும் மோட்டார் உறைக்கும் நடுவே ஒவ்வொன்று என்று '104' போட்ட செராமிக் கெபாசிட்டர் மூன்று வைத்திருந்தால் வண்டி ஒழுங்காகத் திரும்பியிருக்கும். இந்த முறை முதல் வேலையாக அவற்றைத்தான் வைத்தேன்.

கிறிஸ்டல் இல்லாமல் ரேடியோ வேலை செய்யாது என்பதால் 555 என்ற டைமர் சில்லு ஒன்றை வைத்து அந்தத் துடிப்பை நானே உண்டாக்கி, நீள வயரில் சர்வோவுக்கு அனுப்பினேன். மோட்டாருக்குத் தனியாக ஒரு சுவிட்ச். மொட்டைமாடியில் லாரி முன்னால் போக, வயரைப் பிடித்தபடி நான் பின்னால் போகிறேன். கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துப் போவதுபோல் இருக்கிறது. திரும்புகிறது, ஏறுகிறது, இரண்டு செங்கல்லை ஏற்றினாலும் இழுக்கிறது. கயிற்றை அறுத்துவிட வேண்டியதுதான் பாக்கி.

அதற்குத்தான் அந்தக் கிறிஸ்டல். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கிவிட்டேன். கடிகாரக் கிறிஸ்டல் இருக்கிறது, 8 மெகாஹெர்ட்ஸ், 16 மெகாஹெர்ட்ஸ் கை நிறைய அள்ளித் தருகிறார்கள். நமக்கு வேண்டியது யாரிடமும் இல்லை. டிரான்ஸ்மிட்டரில் இருக்கும் மஞ்சள் கிறிஸ்டல் 27.145 மெகாஹெர்ட்ஸ். அதே எண்ணில் இன்னொன்று கிடைத்தால்கூட ரிசீவரில் போட முடியாது. ரிசீவரின் கிறிஸ்டல் சரியாக 455 கிலோஹெர்ட்ஸ் கீழே, அதாவது 26.690-ல் துடிக்க வேண்டும். வருகிற அலைக்கும் இதற்கும் உள்ள அந்த 455 வித்தியாசத்தைத்தான் ரிசீவர் பிடித்துக்கொண்டு பெருக்குகிறது. இரண்டும் ஜோடி, ஒன்றில்லாமல் மற்றது ஊமை. டப்பியில் இருப்பதன்மேலும் 27.145 என்றுதான் அச்சிட்டிருக்கும், கூடவே 'ஆர்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்.

கடைக்காரப் பையன் ஒருவன், "எதற்கு சார் இந்தப் பாடு? 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் வாங்குங்கள், கிறிஸ்டலே வேண்டாம், தானே ஜோடி சேர்ந்துகொள்ளும்" என்றான். அவன் சொன்னது உண்மைதான், அதில் சானல் மோதல்கூடக் கிடையாது. ஆனால் அதைத் திறந்தால் ஒரு கறுப்புச் சில்லுக்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. நம் செட்டைத் திறந்தால் ஒவ்வொரு கம்பிச்சுருளும் என்னோடு பேசுகிறது. பிளாஸ்டிக் திருப்புளியால் அரைச் சுற்று திருகினால் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இந்த வயதில் எனக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.

இனி உன் விஷயம். மகளிடம் போவது நல்லதுதான், தனியாக இருந்தது போதும். ஆனால் அங்கே உனக்கென்று ஒரு மேசை இருக்குமா? கேட்டாயா? பால்கனியில் ஒரு மூலை, பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட், அவ்வளவு போதும். கூச்சப்படாமல் இப்போதே கேள், குடி போன பிறகு கேட்க உனக்கு வாய் வராது. வைஸையும் அரங்களையும் எடைக்குப் போடாதே. வேலை செய்த கை ஆறு மாதம் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் ஓய்வு பெற்ற வருடம் அனுபவித்தேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கிறிஸ்டல் கிடைத்தால் தபாலில் அனுப்பாதே. உள்ளே இருப்பது மெல்லிய குவார்ட்ஸ் வில்லை, அடிபட்டால் விரிசல் விட்டுவிடும். பஞ்சில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிவிடு. விடியற்காலையில் எழும்பூரில் நான் நிற்கிறேன். சாவிக்கொத்து இருக்கும் பையில் மட்டும் போட்டுவிடாதே.

உன்,
மாப்பிள்ளை