பேரனைப் பற்றி நீ கேட்டதற்கு

சுங்கை சிப்புட்

அன்புத் தோழிக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மீண்டும் கோயிலுக்கு நடந்து போய்வருவது அறிந்து மகிழ்ந்தேன். இங்கே பத்து நாள்களாக மாலைதோறும் மழை பெய்கிறது. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் போய்வரும் மண்சாலை சேறாகிக் கிடப்பதால், எங்கள் பாலர் பள்ளிப் பிள்ளைகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டே வருகிறார்கள்.

நான்கு வயதுப் பேரன், கையிலிருந்து கைப்பேசியைத் திரும்ப வாங்கியதும் அகப்பட்டதையெல்லாம் எறிகிறான், ரோத்தான் பிரம்பு வாங்கி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நாம் வளர்ந்த தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ரோத்தான் தொங்கியது உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பயந்து நாம் கற்றுக்கொண்டதெல்லாம், அப்பா பால்மரக் காட்டிலிருந்து திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு, செய்ததை மறைப்பதைத்தான். அடி அந்த நேரத்துக்குக் கையை நிறுத்தும்; கோபம் வந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லிக் கொடுக்காது.

தன்னை அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி 25 வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. நான்கு வயதில் அது முளைவிடும் பருவத்தில் இருப்பதால், பக்கத்தில் நிற்கும் பெரியவரின் நிதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை அடங்க முடியும்.

சென்ற மாதம் கை கழுவும் குழாயடியில் ஒரு சிறுவன், தனக்கு முன்னால் நின்ற சிறுமியைத் தள்ளிவிட்டான். அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. பல ஆண்டுகளுக்கு முன் இப்படிச் செய்த ஒரு பையனை நான் வாசலில் தனியாக நிறுத்தினேன். அவன் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு, தலை நிமிராமல் நின்ற கோலம் இன்றும் என்னை உறுத்துகிறது. இம்முறை மண்டியிட்டு, அவன் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்து, "நீ முதலில் கழுவ நினைத்தாய், கோபம் வந்துவிட்டது. ஆனால் தள்ளினால் அவளுக்கு வலிக்கும், தள்ள விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லிக் காத்திருந்தேன். இறுக்கி மூடிய அவன் விரல்களுக்கிடையே சோப்பு நுரை பிதுங்கி வழிந்தது. கை தளர்ந்த பிறகு, "அவளுக்கு இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்தான். மன்னிப்புக் கேள் என்று நான் வற்புறுத்தவில்லை. வாய் மட்டும் சொல்லும் மன்னிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. மறுநாளும் அவன் தள்ளத்தான் செய்தான். மூன்றாம் வாரத்தில்தான், "அடுத்தது நான்" என்று உரக்கச் சொல்லிவிட்டு வரிசையில் நின்றான். "கை வைக்காமல் வாயால் சொன்னாயே" என்றேன். வெறுமனே நல்ல பிள்ளை என்று சொல்லியிருந்தால், எதற்காகப் பாராட்டினேன் என்பது அவனுக்கு விளங்கியிருக்காது.

உன் பேரனிடமும் கைப்பேசியைத் திடீரென்று பிடுங்காதே. இந்தப் பாட்டு முடிந்ததும் பாட்டியிடம் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, அடுத்து முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றலாமா, கோழிக்குத் தீனி போடலாமா என்று அவனையே தேர்ந்தெடுக்க விடு. எறிந்தால், எறிந்த பொருளை அமைதியாக எடுத்து வைத்துவிட்டு, எறிவதற்கென்று முற்றத்தில் ஒரு பந்தைக் கொடு. "எறியாதே" என்பதைவிட "பந்தை இங்கே எறி" என்பது சின்னப் பிள்ளைக்கு எளிதில் பிடிபடும். அம்மா மறுத்ததை நீ இரகசியமாகக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். உன்மேல் உள்ள உரிமையில் சொல்கிறேன்.

இன்னொன்று, தொழிற்சாலையில் வேலை முடிந்து அப்பா வரும்வரை, இரவு பதினொரு மணிக்கும் அவன் விழித்திருக்கிறான் என்று எழுதியிருந்தாய். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்றும், திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அவன் கோபத்தில் பாதி, தூக்கம் போதாத கோபமாகவே எனக்குத் தோன்றுகிறது. அப்பாவுடனான நேரத்தைக் காலைப் பசியாறலுக்கு மாற்றிப் பாருங்கள்.

அடுத்த முறை அவன் எறிந்தவுடன் தரையில் விழுந்ததைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார். யாரைத் தேடுகிறான் என்று கவனித்து எனக்கு எழுது. பள்ளி விடுமுறையில் அவனையும் இங்கே அழைத்து வா.

என்றும் அன்புடன்,
உன் லயத்துத் தோழி