முதல் பங்களிப்பு ஒரு நல்ல பிழை அறிக்கையாக இருக்கட்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் விடுமுறை நெருங்கினாலே சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வரும். "அக்கா, பிள்ளைக்கு ஓப்பன் சோர்ஸ் சொல்லிக்கொடுக்கிற கிளாஸ் எங்க இருக்கு?" கேட்பவர்கள் பெரும்பாலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோர். மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பிள்ளையின் பெயரில் நாலு பங்களிப்பு இருந்தால் நேர்காணலில் எடுபடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மென்பொருள் சோதனை என் தொழில். வேலை முடிந்த பிறகும் வார இறுதியிலும் ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் திறந்துவைத்திருக்கும் திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் பிறர் தெரிவிக்கும் பிழைகளைச் சரிபார்த்துக் கொடுப்பது பல ஆண்டுப் பழக்கம். அந்த உரிமையில் சொல்கிறேன்: அந்த வகுப்புக்குக் கட்டும் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

இத்தகைய வகுப்புகளின் பாடங்கள் சிலவற்றை வாங்கிப் பார்த்தேன். கணக்கு திறப்பது, ஏதோ ஒரு திட்டத்தை ஃபோர்க் செய்வது (தனக்கென ஒரு நகல் எடுப்பது), அதன் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றுவது, அந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று புல் ரிக்வெஸ்ட் என்ற கோரிக்கையை அனுப்புவது. பிள்ளைக்குப் பொத்தான்கள் பழகிவிடுகின்றன. அந்த மென்பொருள் என்ன செய்கிறது, யார் பயன்படுத்துகிறார்கள் என்பது கடைசிவரை தெரியாது. மறுமுனையில் அந்தக் கோரிக்கையைத் திறந்து பார்க்கும் பராமரிப்பாளரை நினைத்துப் பாருங்கள். பல திட்டங்களில் அவர் ஊதியமில்லாமல், குழந்தை தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறக்கும் ஒரு தனிமனிதர்.

இதனால் விளைந்த தொல்லை கொஞ்சநஞ்சமில்லை. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் நடத்திவரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறந்த மூலப் பங்களிப்பு விழாவில், நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-சட்டை என்று இருந்தது. 2020இல் சட்டைக்காக உலகெங்கிலுமிருந்து அர்த்தமில்லாத திருத்தங்கள் வந்து குவிந்தன. இனி பராமரிப்பாளர்கள் விரும்பிச் சேர்ந்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று மாதம் தொடங்கிய சில நாள்களிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில் இணையச் செயலிகளை உருவாக்க உதவும் எக்ஸ்பிரஸ் என்ற பெயர்பெற்ற திட்டத்துக்கு, ஒரு காணொளிப் பாடத்தைப் பார்த்துப் பழகிய மாணவர்கள் தத்தம் பெயரைச் சேர்க்கச் சொல்லி அனுப்பிய கோரிக்கைகள் மலைபோல் சேர்ந்தன. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் அறிக்கைகளும் சேர்ந்துகொண்டன. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் மென்பொருளைப் பல்லாண்டுகளாகப் பராமரித்துவரும் டேனியல் ஸ்டென்பர்க், இல்லாத பாதுகாப்பு ஓட்டைகளை இருப்பதாக விவரிக்கும் இத்தகைய அறிக்கைகளைப் படித்தே நேரம் வீணாகிறது என்று வெளிப்படையாகவே எழுதிவருகிறார். நம் பிள்ளைகள் அந்தக் குவியலில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? பிள்ளை அன்றாடம் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில், அதுவும் அது சரியாக வேலை செய்யாத இடத்தில்.

நாங்கள் சிலர் சனிக்கிழமைகளில் கூடுகிறோம். இளையர்கள், வேலை செய்பவர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்று கலவையான கூட்டம். அதில் வரும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருத்தி, ஒரு தமிழ் நிகழ்ச்சிக்குப் பெயர் அட்டை அச்சிடும் பொறுப்பை ஏற்றிருந்தாள். அதற்கு ஒரு சிறிய திறந்த மூலச் செயலியைப் பயன்படுத்தினாள். 'மீனாட்சிசுந்தரம்' என்று தட்டெழுதினால் அட்டையில் 'மீனாட்சிசுந்' என்று வந்து நின்றது. பெரியவர் ஒருவரின் கழுத்தில் அப்படி ஓர் அட்டையை எப்படி மாட்டுவது? அவள் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆனால் மனம் ஆறவில்லை.

திட்டத்தின் பிழைப் பட்டியலைத் தேடியபோது, வேறொருவர் எப்போதோ "தமிழ் சரியாக வரவில்லை" என்று ஒரே வரியில் எழுதிப்போட்டது கிடைத்தது. கூடுதல் விவரம் கேட்டிருந்தார்கள், பதில் வரவில்லை, மூடிவிட்டார்கள். அவள் புதிதாக எழுதினாள். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்தக் கட்டத்தில் எதைத் தட்டினோம், என்ன வரும் என்று எதிர்பார்த்தோம், என்ன வந்தது, இரண்டு படங்கள். அதோடு நிற்கவில்லை. செயலி பெயரைப் 12 எழுத்தில் வெட்டுகிறது என்று அமைப்புகளில் பார்த்தாள். மீனாட்சிசுந்தரத்தில் நாம் எண்ணினால் 9 எழுத்துதான். அப்புறம் ஏன் வெட்டுப்படுகிறது? கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'மீ' என்பது ம தனியாகவும் ஈகாரக் குறி தனியாகவும் இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. 'ந்' என்பதில் புள்ளிக்கும் தனி இடம். அப்படி எண்ணினால் அந்தப் பெயர் 16. செயலி அந்தக் கணக்கில் 12ஐ எண்ணி வெட்டிவிட்டது. அகர எழுத்துகளாகவே வரும் 'கமல' போன்ற சிறிய பெயரில் தொல்லையே தெரியாது என்பதையும், இந்தியில் எழுதிய பெயரிலும் இதே வெட்டு விழுகிறது என்பதையும் சோதித்துச் சேர்த்தாள்.

அறிக்கையை அனுப்புமுன் தமிழாசிரியர் ஐயாவிடம் காட்டினாள். "தமிழே தெரியாதவர் படிப்பார், எந்த இடத்தில் வெட்டுப்பட்டது என்று அம்புக்குறி போடும்மா" என்றார் அவர். போட்டாள். மென்பொருள் தெரியாத ஐயா சொன்ன அந்த ஒரு திருத்தம்தான் அறிக்கையைத் தெளிவாக்கியது. பராமரிப்பாளர் தமிழ் அறியாதவர். படித்த மாத்திரத்தில் காரணம் அவருக்குப் பிடிபட்டது. பயனர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஓர் எழுத்தாகவே எண்ணும்படி சில வரிகளை மாற்றினார். தமிழுக்காகக் கேட்டது, இந்திப் பெயர்களும் சேர்ந்து சரியாயின. அந்த மாணவி நிரல் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தத் திட்டத்துக்கு அந்த மாதம் கிடைத்த சிறந்த பங்களிப்பு அதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இதைவிடச் சற்றே ஆழமான வேலையும் உண்டு, அதற்கும் நிரலாக்கம் வேண்டாம். போன மாதம் வரை நன்றாக ஓடிய ஒன்று இப்போது கெட்டுப்போயிருந்தால், எந்த மாற்றத்தால் கெட்டது என்று கண்டுபிடித்துச் சொல்வது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு மோஸ்ரிக்ரெஷன் என்றொரு கருவி இருக்கிறது. நன்றாக இருந்த நாளையும் கெட்ட நாளையும் கொடுத்தால், நடுவில் வெளிவந்த பதிப்பை இறக்கித் திறந்துகாட்டும். நல்லதா கெட்டதா என்று நாம் சொன்னால் மீதியில் பாதியைக் கழித்துவிட்டு அடுத்ததைத் திறக்கும். அகராதியை நடுவில் பிரித்துச் சொல் தேடுவது போலத்தான். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் ஏறக்குறைய பத்தே படியில் குற்றவாளி சிக்கிவிடும். கடிதம், கணக்குத்தாள் எல்லாம் தயாரிக்க உதவும் லிப்ரெஓபிஸ் திட்டத்திலும் இதற்கென்றே பழைய பதிப்புகளைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே புதிதாக வரும் பிழை அறிக்கை 'உறுதிசெய்யப்படாதது' என்ற நிலையில்தான் தொடங்கும். இன்னொருவர் தம் கணினியில் செய்துபார்த்து "ஆமாம், எனக்கும் இப்படித்தான்" என்றால்தான் அடுத்த நிலைக்குப் போகும். அந்த இன்னொருவராக உயர்நிலை மூன்று படிக்கும் பிள்ளை இருக்கலாம், ஓய்வுபெற்ற தாத்தாவும் இருக்கலாம். என் மாலைப் பொழுதுகள் பல இதில்தான் கழிகின்றன. நிறைவான வேலை.

கூர்ந்து பார்ப்பதன் மதிப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்வேன். எக்ஸ்இசட் என்பது லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் சிறு மென்பொருள். அதை ஏறத்தாழ ஒற்றை ஆளாகப் பராமரித்து வந்தவர் களைத்துப் போயிருந்தார். வேலையை வேகமாகச் செய் என்று முகம் தெரியாதவர்கள் அவரை நெருக்கினார்கள். அந்த நேரத்தில் ஈராண்டுகளுக்கு மேல் உண்மையாகவே உதவி நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், பொறுப்பு கைக்கு வந்ததும் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். உலகின் எண்ணற்ற சர்வர்களுக்குள் நுழையக்கூடிய கதவு அது. பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர். வேறு வேலையாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ஏன் என்று விடாமல் தோண்டினார். கண்டதைப் படிப்படியாக எழுதி மார்ச் 29ஆம் தேதி பொதுவில் வைத்தார். கதவு பரவலாகப் போய்ச் சேருமுன் அடைபட்டது. அவர் செய்ததும் அடிப்படையில் ஒரு நல்ல பிழை அறிக்கைதான்.

அந்தச் சம்பவத்தில் என்னை இன்னும் உறுத்துவது அந்தப் பராமரிப்பாளரின் களைப்பு. பக்கத்தில் உண்மையான உதவிக்கரங்கள் நாலைந்து இருந்திருந்தால் கள்ளக் கதவு வைத்த ஆளுக்கு இடம் கிடைத்திருக்குமா?

நிரல் எழுதத் தயாரான பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சில சொற்கள். திட்டத்தின் 'கான்ட்ரிபியூட்டிங்' கோப்பை முழுக்கப் படியுங்கள். எப்படி அனுப்புவது, என்ன உரிமம், சோதனைகளை எப்படி ஓட்டுவது எல்லாம் அதில்தான் இருக்கும். புதியவர்களுக்கு ஏற்றவை என்று காட்ட 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' எனக் குறியிட்ட வேலைகளில் ஒன்றைத் தேர்ந்து, வேறு யாரும் எடுத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒரு கோரிக்கையில் ஒரு மாற்றம் போதும். போகிற போக்கில் பக்கத்துக் கோப்பின் இடைவெளிகளைச் சீர்செய்யாதீர்கள். மறுஆய்வில் திருத்தச் சொல்வது உங்கள் நிரலைப் பற்றிய பேச்சு. அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். செயற்கை நுண்ணறிவின் உதவி பெற்றிருந்தால் மறைக்க வேண்டாம், புரியாத வரியை அனுப்பவும் வேண்டாம். வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: பணியின் அங்கமாக எழுதும் நிரலின் காப்புரிமை, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, இங்கே முதலாளிக்கே உரியது. ஆகவே ஒப்பந்தத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் எழுத்துபூர்வமான அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் சமாசாரம் என்று நினைப்பவர்களும் உண்டு. கொவிட் காலத்தில் நாமெல்லாரும் வைத்திருந்த, தொற்றுத் தொடர்புகளைத் தடமறியும் டிரேஸ்டுகெதர் செயலியின் அடிப்படை நிரலை 2020 ஏப்ரலில் ஓப்பன்டிரேஸ் என்ற பெயரில் நம் அரசாங்கமே திறந்து வெளியிட்டது. அரசாங்க அமைப்புகளின் படிவங்களை இணையத்தில் நிரப்பும்போது நாம் பார்க்கும் ஃபார்ம்எஸ்ஜியின் நிரலும் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. யாரும் வாசிக்கலாம். தாம் பயன்படுத்தும் ஒன்று உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்ப்பதற்கு, பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்க் கணிமைக்கும் இந்தத் தீவு புதிதன்று. 1990களில் இங்கிருந்துதான் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றப் பாடுபட்டார். 1997இல் தமிழ்நெட் மாநாடு நடந்ததும், 2000இல் தமிழ் இணைய மாநாட்டையொட்டி உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானதும் சிங்கப்பூரில்தான். அன்று எழுத்துருவும் விசைப்பலகையுமே பெரும் போராட்டம். இன்று கைப்பேசியில் தமிழ் தானாக வருகிறது. ஆனால் அந்த எழுத்தை வெட்டாமல், சிதைக்காமல், அகரவரிசை குலையாமல் கையாளாத மென்பொருள்கள் இன்னும் ஏராளம். பைத்தான் நிரல்மொழியில் தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்து எண்ணித்தரும் ஓப்பன்-தமிழ் போன்ற திறந்த மூல நூலகங்களைத் தன்னார்வலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கும் சோதித்துப் பார்க்க ஆள் தேவை. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவின், கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கக் குரல்களைத் திரட்டும் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ்க் குரல்களைப் பதிவுசெய்யவும் பிறர் பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கவும் யாரும் சேரலாம். சிங்கப்பூர்த் தமிழ் உச்சரிப்பு அதில் நிறைய ஏறினால் நமக்கு நல்லது; நம் பாட்டிமார் குரலும் ஏறட்டும்.

ஆகவே சமூக மன்றங்களையும் நூலகங்களையும் தமிழ் அமைப்புகளையும் உங்கள் நாளிதழ் வாயிலாக ஒன்று கேட்கிறேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்குக் கவிதைப் போட்டி, பேச்சுப் போட்டி, பட்டிமன்றம் எல்லாம் வைக்கிறோம். அவற்றோடு ஒரு நாள் பிழை தேடும் சந்திப்புக்கும் இடம் கொடுங்கள். பரிசு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். அவை வந்தால் சட்டைக்காக அனுப்பிய கதைதான் நடக்கும். மேசைகள், மின்செருகிகள், வைஃபை, தேநீர் போதும். தமிழை நன்றாகப் படிக்கும் பெரியவர் ஒருவரும் கணினி பழகிய இளையர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து, லிப்ரெஓபிஸிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ தமிழில் ஒரு கடிதம் எழுதி, வரிசைப்படுத்தி, தேடி, அச்சிட்டுப் பார்க்கட்டும். எங்கே இடறுகிறதோ அதை எழுதி அனுப்பட்டும். வழிகாட்ட எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தினர் வருவோம்.

பெற்றோருக்கு: அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த விடுமுறையில் பிள்ளையிடம், நீ தினமும் திறக்கும் மென்பொருளில் உனக்கு எரிச்சலூட்டுவது எது என்று கேளுங்கள். சொல்வதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்த மென்பொருள் திறந்த மூலமா, புதிய பதிப்பிலும் அந்தத் தொல்லை இருக்கிறதா, வேறு யாராவது முன்பே சொல்லியிருக்கிறார்களா என்று பிள்ளையே தேடட்டும். திறந்த மூலம்தான், தொல்லை இன்னும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை என்றால், முதல் அறிக்கையை எழுத உட்கார வேண்டியதுதான்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைப் பணியில் உள்ள வாசகி,
ஈசூன்