2-ஆம் டவுன், 11 யார்டு: கைல் ஷானஹனுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் அவர்களுக்கு,

தமிழில் எழுதுவதால் இதை நீங்கள் படிக்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். எதிரணி நியூ இங்கிலாந்து. அட்லாண்டா ஃபால்கன்ஸின் தாக்குதல் ஆட்டம் முழுக்க உங்கள் கையில். அந்தப் பருவத்தில் லீகிலேயே அதிகமாக 540 புள்ளிகள் குவித்த அணி அது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மேட் ரையன்தான் அவ்வருட எம்விபி, அதாவது லீகின் மிக மதிப்புமிக்க வீரர். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதான மூன்றாம் குவார்ட்டரில் 28-3 என்று முன்னிலையும் வந்தது. உங்கள் மூளையைக் குறைசொல்ல நான் யார்? நான் கேட்பது கடிகாரத்தைப் பற்றி.

10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு; ஒவ்வொன்றும் ஒரு டவுன். பந்தை ஏந்தி ஓடலாம், அல்லது பாஸ் வீசலாம். ஏந்தி ஓடுபவன் மைதானத்துக்குள் வீழ்த்தப்பட்டால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். முன்னிலையில் இருப்பவனுக்கு எது லாபம் என்று பள்ளிக்கூடப் பையனும் சொல்வான். நான்காம் குவார்ட்டர், 28-12, ஏறத்தாழ எட்டரை நிமிடம் பாக்கி, 3-ஆம் டவுனில் தேவை ஒரே ஒரு யார்டு. நீங்களோ ரையனைப் பின்வாங்கிப் பாஸ் போடச் சொன்னீர்கள். எதிரணியின் ஹைடவர் பாய்ந்து அவர் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார், நியூ இங்கிலாந்து எடுத்துக்கொண்டது, சற்று நேரத்தில் 28-20.

அதைக்கூட மன்னித்துவிடலாம். அடுத்து வந்ததைத்தான் முடியவில்லை. எல்லைக்கோட்டோரம் ஹூலியோ ஜோன்ஸ் பிடித்த அந்த 27 யார்டு கேட்ச்! மனித உடம்பு அப்படி வளையுமா என்று இன்றும் வியக்கிறேன். பந்து எதிரணியின் 22-ஆம் யார்டில், பாக்கி நாலரை நிமிடத்துக்குச் சற்று மேல். மூன்று முறை ஓடி ஒரு யார்டு கூடக் கிடைக்காவிட்டாலும் உங்கள் உதைப்பாளர் மேட் பிரையன்ட் உதைக்க வேண்டியது 40 யார்டு சுமாருக்கு, 3 புள்ளி தரும் ஒரு ஃபீல்டு கோல். போனால் 11 புள்ளி முன்னிலை. ஒரு முறை பந்து கிடைத்தால் அதிகபட்சம் 8 புள்ளிதான் என்பதால், அவர்களுக்கு இரண்டு முறை பந்து வேண்டியிருந்திருக்கும்.

வெண்ணெய் திரண்டாயிற்று, வழித்தெடுப்பதுதான் பாக்கி. நீங்கள் இன்னொரு கடை கடைந்தீர்கள். முதல் ஓட்டத்தில் ஒரு யார்டு நஷ்டம். 2-ஆம் டவுன், 11 யார்டு: மீண்டும் பாஸ். எதிரணியின் டிரே ஃபிளவர்ஸ் ரையனை 12 யார்டு பின்னால் சாய்த்தார். அடுத்து, எதிராளியைப் பிடித்து நிறுத்தியதற்காக உங்கள் அணிக்கு ஒரு ஹோல்டிங் தண்டனை, பந்து 45-ஆம் யார்டுக்குப் போயிற்று. உதைக்கும் தூரமே கைவிட்டுப் போனது. பிறகு அவர்கள் 91 யார்டு நடந்து வந்து சமன் செய்ததும், கூடுதல் நேரத்தில் 34-28 என்று முடித்ததும் ஊரறிந்த கதை.

தற்காப்பு வீரர்கள் களைத்துப்போனதாகச் சொன்னார்கள். களைக்காமல் என்ன செய்வார்கள்? அன்று நியூ இங்கிலாந்து 93 முறை பந்தைத் தாக்குதலில் ஆடியது, நீங்கள் 46 முறை. ஓடவிட்டது 18 முறைதான், அதிலேயே 104 யார்டு வந்தது. ஓட்டம் பலிக்காமல் இல்லை.

ஒருநாள் தவறு என்று விட்டிருப்பேன். 2020-இல் சான் பிரான்சிஸ்கோவின் தலைமைப் பயிற்சியாளராக மறுபடி சூப்பர் பவுலுக்கு வந்தீர்கள். 20-10 முன்னிலை 20-17 ஆயிற்று, பாக்கி ஆறு நிமிடம். உங்கள் ஓட்ட வீரர் மோஸ்டர்ட் ஓடி 5 யார்டு எடுத்தார். அடுத்த இரண்டும் பாஸ், இரண்டும் தரையில். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்திலேயே பந்து எதிரணியான கான்சஸ் சிட்டியிடம் போனது. முடிவு 31-20, அவர்களுக்கு.

அந்த 2-ஆம் டவுனில், வெறும் 5 யார்டுக்கு, மோஸ்டர்ட் கையில் பந்தைக் கொடுக்க எது தடுத்தது? இதற்கு மட்டுமாவது பதில் வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் மனசு ஆறாத ஒரு ரசிகன்