கோடிகளைக் குவித்தவர் அல்லர் ரொமேரோ

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில் பேய்ப்படங்களைப் பற்றி வெளிவந்த அரைப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ கைக்காசைப் போட்டுப் பேய்ப்படம் எடுத்துக் கோடிகளைக் குவித்தவர் என்றும், சேலத்து இளைஞர்களும் துணிந்து அந்த வழியில் இறங்கலாம் என்றும் அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் நாளிதழை வாங்கிவரும் நான் இதுவரை எந்தத் திருத்தமும் கேட்டு எழுதியதில்லை. இந்த ஒரு வாக்கியத்தைக் கடந்துபோக மட்டும் என்னால் முடியவில்லை.

ரொமேரோ பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்களும், குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குச் சிறு படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். நண்பர்கள் பத்துப் பேர் தலைக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கிய அவருடைய முதல் படம், பிறகு பலரிடமும் கேட்டு வாங்கி, ஏறத்தாழ 1,14,000 டாலரில் முடிந்தது. இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீட்டில் படப்பிடிப்பை நடத்தினார்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் சாக்லேட் பாகையே ரத்தமாகப் பயன்படுத்தினார்கள். 1968ஆம் ஆண்டு வெளிவந்த அந்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ உலகமெங்கும் ஓடியது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் படத்திற்கு முதலில் வைத்த பெயர் வேறு என்பதும், விநியோக நிறுவனம் பெயரை மாற்றிப் புதிய டைட்டில் கார்டு போட்டபோது பழைய கார்டில் இருந்த பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போயிற்று என்பதும் சினிமாப் பக்கம் நடத்தும் தாங்கள் அறியாதவை அல்ல. அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி, அந்தக் குறிப்பு இல்லாமல் வெளியான படம் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், தொலைக்காட்சியில் காட்டலாம், கேசட் போட்டு விற்கலாம். எடுத்தவருக்குக் காலணா தரவேண்டியதில்லை. அப்படித்தான் பல பத்தாண்டுகள் விற்றார்கள். 1990இல் அதே கதையை வண்ணத்தில் மறுபடி எடுப்பதற்கு அவரே திரைக்கதை எழுதிக் கொடுக்கவேண்டி வந்தது. கோடிகளைக் குவித்தவர் என்று தாங்கள் எழுதியது இந்த மனிதரைத்தான்.

எனக்கு இதில் இவ்வளவு வேதனை ஏன் என்று தாங்கள் கேட்கலாம். அம்மாப்பேட்டையில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். 2012ஆம் ஆண்டு டிசம்பரில், விசைத்தறி வைத்திருந்த நண்பர்கள் இருவர் பாதிப் பணமும் நான் மீதிப் பணமும் போட்டு, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துப் பழைய பங்களாவில் பதினேழு இரவுகள் ஒரு பேய்ப்படம் எடுத்தோம். ஒரே ஒரு கேனன் கேமரா, வாடகை ஜெனரேட்டர், ஆறு விளக்குகள். பனியில் நனைந்த கேமராவை அறைக்குள் கொண்டுவந்தவுடன் லென்ஸில் நீர் பூத்துவிடும். அது தெளியும்வரை மொத்த யூனிட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்து ரத்தம் செய்தோம். விடிவதற்குள் எறும்பு மொய்த்துவிடும் என்பதால் ஒவ்வோர் இரவும் தரையைக் கழுவிவிட்டுத்தான் படுப்போம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூடுபனி தானாக இறங்கி வந்த ஓர் இரவில், எந்த விளக்கும் போடாமல், கையில் ஓர் அரிக்கேன் விளக்கோடு அந்தப் பெண் நடந்து வரும் காட்சியை ஒரே ஷாட்டில் எடுத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலை அது ஒன்றுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

அந்தப் படத்தை வாங்கிக்கொண்ட நிறுவனம் தந்த ஒப்பந்தத்தில், வழக்கறிஞர் எவரிடமும் காட்டாமல் கையெழுத்துப் போட்டேன். சேலத்தில் ஒரே ஒரு திரையரங்கில் மூன்று நாள் காலைக் காட்சி மட்டும் கிடைத்தது. டிஜிட்டலில் திரையிடுவதற்கான க்யூப் கட்டணத்தைக்கூட அந்த வசூலில் கட்ட முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, என் உறவினர் பையன் ஒருவன் தன் கைப்பேசியில் ஓர் இந்திப் பேய்ப்படத்தைக் காட்டி, “மாமா, இது உங்க பங்களா மாதிரி இருக்கே” என்றான். என் படத்தைத்தான் இந்தியில் பேச வைத்திருந்தார்கள். பெயர் மாறியிருந்தது. தொடக்கத்தில் ஓடவேண்டிய டைட்டில்கள் அத்தனையும் வெட்டப்பட்டிருந்தன. என் பெயரும் இல்லை, பனியில் நின்ற பதினான்கு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. பார்த்தவர்கள் எண்ணிக்கை லட்சங்களைத் தாண்டியிருந்தது. அரிக்கேன் விளக்குக் காட்சியின் கீழே முகம் தெரியாத பலர் பாராட்டி எழுதியிருந்தார்கள். அதை நான் யாரிடம் போய் என்னுடையது என்று சொல்வேன்?

வழக்குப் போடலாமா என்று கேட்கப் போனபோதுதான் ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்தேன். உரிமையை மாற்றிக்கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளவேண்டும் என 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவில் சொல்கிறது. என் பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும்’ என்று தட்டச்சு செய்திருந்தது. தறிகளில் ஒன்றை விற்றுவிட்ட நண்பர், என்னைக் குறை சொல்லாமல் பத்திரத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

இதைத் தங்கள் இதழுக்கு அப்போதே எழுதியனுப்பினேன், பதில் வரவில்லை. படம் வெளியான வாரத்தில் தங்கள் அலுவலகத்துக்கே நேரில் வந்து அழைப்பிதழும் கொடுத்தேன். விமர்சனம் வரவில்லை என்பதில் எனக்கு மனக்குறை இல்லை. இன்றைய சினிமா என்ற பட்டியலில் படத்தின் பெயரையே தவறாக அச்சிட்டிருந்தீர்கள். ஏற்காடு சாலையில் நிற்கும் பழைய படநிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவுப் படத்தை மட்டும் தவறாமல் போடுகிறீர்கள். போடத்தான் வேண்டும். 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ அங்கேதான் உருவானது. 1956இல் அலிபாபாவை வண்ணத்தில் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, யானைகளுக்கு ரோமம் போர்த்தி, அழிந்துபோன மாமூத் யானைகளாக்கிக் காட்டியவர்களும் அவர்கள்தான். நானும் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். ஆனால் அந்த வளைவைத் தாண்டி மலைக்குப் போய், இன்றைக்கும் கடன் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் பையன்களைப் பற்றி ஒரு வரி எழுத இத்தனை ஆண்டுகளில் தங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. கிடைத்த முதல் வரி, அவர்களைத் தவறான நம்பிக்கையோடு இறங்கச் சொல்லும் வரியாக இருக்கிறது.

ரொமேரோ அந்த இழப்புக்குப் பிறகும் படம் எடுப்பதை விடவில்லை என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. 1973இல் ஒரு கிறித்தவச் சேவை அமைப்புக்காக, முதியோரை உலகம் நடத்தும் விதத்தைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அது நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. அவர் 2017இல் இறந்த பிறகுதான் அது பரவலாக மக்கள் கண்ணில் பட்டது. 1985இல் வந்த ஒரு பேய்ப்படத்துக்கு, ரத்தக் காட்சிகளைத் தணிக்கைக்கு ஏற்பக் குறைத்தால்தான் முழுத்தொகை என்றபோது, ஏறத்தாழ பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, கதையைச் சுருக்கித் தன் விருப்பப்படியே எடுத்தார். 1993க்குப் பிறகு ஏழாண்டுகள் அவர் பெயரில் ஒரு முழுநீளப் படமும் வரவில்லை. இவ்வளவும் சேர்ந்ததுதான் அவருடைய வழி. அந்த வழியில் இளைஞர்களை இறங்கச் சொல்வதானால், இவ்வளவையும் சொல்லி அனுப்புங்கள்.

கட்டுரை வந்த மறுநாளே, அதன் நறுக்கை எடுத்துக்கொண்டு கன்னங்குறிச்சியிலிருந்து இரண்டு மாணவர்கள் என்னிடம் கேமரா வாடகை கேட்டு வந்தார்கள். ஒருவனுடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அவர்களை உட்கார வைத்து என் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். என் வீட்டுக்கு வராமல் நேரே கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்கு அதை யார் காட்டுவார்கள்?

ஆகவே, வரும் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்த முதல் படம் ஈட்டிய பணத்தில் பெரும்பகுதி ரொமேரோவுக்குச் சேரவில்லை என்று ஒரு திருத்தமும், கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவேண்டும் என்று ஒரு வரியும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பெயரையோ என் படத்தின் பெயரையோ குறிப்பிடவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அம்மாப்பேட்டை, சேலம்.